கடைசி பெஞ்ச்: பென்சிலால் சாய்ந்த கோட்டை

இன்டர்னல் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு, வைவான்னு ஓடிட்டு இருப்பீங்க. ரெண்டு நிமிஷம் பேனாவைக் கீழ வெச்சுட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

உங்க வார்டு கவுன்சிலர் பேர் என்ன?

பக்கத்து சீட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. மொபைலை எடுக்கக் கூடாது. அமெரிக்க ஜனாதிபதி பேரைக் கேட்டா தூக்கத்துல கூட சொல்வோம். நம்ம தெருவுக்குத் தண்ணி விடுற ஆள் பேரைக் கேட்டா, 'வார்டுனா என்ன நம்பர்?'னு முழிப்போம். டென்ஷன் ஆகாதீங்க... போன மாசம் வரைக்கும் நானும் அந்த முழிக்கிற கோஷ்டிதான்!

எனக்கு உறைக்க வெச்சது எங்க பெரியம்மா பொண்ணு. 2021 செப்டம்பர்ல எம்.எஸ்ஸி படிக்க லண்டன் போனவங்க. தங்கினது டூட்டிங். தெரியும்ல? அப்பர் டூட்டிங் ரோட்டுல நடந்தா மசால் தோசை வாசனை வரும், முத்துமாரியம்மன் கோயில் மணி கேட்கும், ஈழத்துத் தமிழ்ல யாராவது வாழைக்காய்க்கு விலை பேசிட்டு இருப்பாங்க. அந்த ஏரியா வாண்ட்ஸ்வொர்த்ங்கிற 'பரோ'வுக்குள்ள வருது. லண்டன்ல மொத்தம் 32 பரோ. ஒவ்வொண்ணுக்கும் தனி கவுன்சில், தனி பட்ஜெட், தனித் தேர்தல். குப்பை, நூலகம், வீட்டு வசதி, பார்க்கிங், வயசானவங்க பராமரிப்பு, எங்க எத்தனை மாடி கட்டலாம்கிற அனுமதி... எல்லாம் இந்தக் கவுன்சில் கையிலதான்.

2022 மே 6 காலையில குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அக்காவோட வாய்ஸ் நோட் வந்தது. தூங்காத குரல். 'டேய், இங்க 44 வருஷக் கோட்டை சாஞ்சிடுச்சுடா! நானும் ஓட்டுப் போட்டேன்!'

நான் அப்போ ஸ்கூல் பையன். கட்டை விரல் ஸ்மைலி ஒண்ணு தட்டிட்டு, டெஸ்ட்டுக்குப் படிக்கப் போயிட்டேன். போன மாசம் அக்கா லீவுக்கு வந்தப்பதான் முழுக் கதையும் கேட்டேன். கேட்டப்புறம் சும்மா இருக்க முடியல. அதான் இந்த வாரப் பெஞ்ச்!

நம்ம ஆள் எப்படி அங்க ஓட்டுப் போட முடியும்?

முதல் ஷாக் எனக்கு இதுதான். பிரிட்டன்ல காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோட குடியிருந்தா, வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்த்து ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை ரெண்டும் காமன்வெல்த். ஸ்டூடன்ட் விசாவும் செல்லும். 18 வயசு ஆகியிருந்தா போதும். அங்க படிக்கிற எத்தனையோ நம்ம பசங்களுக்கு இது தெரியாது. அக்காவோட வீட்டுல இருந்த ஆறு பேர்ல பேர் சேர்த்தது ரெண்டே பேர்.

ஓட்டுச்சாவடி ஒரு சர்ச் ஹால். காலை 7 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் திறந்திருக்கும். அன்னிக்கு வியாழக்கிழமை, லீவெல்லாம் கிடையாது. அக்கா ஒரு கடையில பார்ட் டைம் வேலையை முடிச்சிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு ஓடியிருக்காங்க. பேரும் விலாசமும் கேட்டாங்களாம், அவ்வளவுதான். அடையாள அட்டை கேட்கவே இல்ல! (அந்தப் பழக்கம் 2023 மே மாசத் தேர்தலோட போச்சு. இங்கிலாந்துல அப்போ இருந்து ஃபோட்டோ அடையாள அட்டை கட்டாயம்.) கையில ஒரு நீளச் சீட்டு. மறைவுல நூல்ல கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சில். மெஷினும் இல்ல, பீப் சத்தமும் இல்ல. அவங்க வார்டுக்கு மூணு கவுன்சிலர், அதனால மூணு பேருக்குக் குறி போடலாம்.

பெரியப்பா ஃபோன்ல கேட்ட முதல் கேள்வி: 'விரல்ல மை வெச்சாங்களா?'

வைக்கலன்னதும், 'அப்புறம் என்ன எலெக்‌ஷன்!'னு வெச்சிட்டாராம். மைசூர் மை பார்க்காத ஓட்டு அவருக்கு ஓட்டே இல்ல.

கோட்டைனா சும்மா கோட்டை இல்ல

இப்போ கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1978-ல லேபர் கட்சிகிட்ட இருந்து வாண்ட்ஸ்வொர்த்தை கன்சர்வேட்டிவ் கட்சி பிடிச்சது. அடுத்த வருஷம் மார்கரெட் தாட்சர் பிரதமர் ஆனாங்க. 'அரசாங்கம் சின்னதா இருக்கணும், வரி குறைவா இருக்கணும், வேலையைத் தனியார்கிட்ட கொடுக்கணும்'கிறது அவங்க பாலிஸி. அதுக்கு டெமோ பீஸ் மாதிரி ஆனது வாண்ட்ஸ்வொர்த். கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவங்களுக்கே வித்தாங்க, குப்பை அள்ளுறதை கான்ட்ராக்ட் விட்டாங்க.

1986 தேர்தல்ல கோட்டை கிட்டத்தட்ட காலி. கன்சர்வேட்டிவ் 31, லேபர் 30. ஒரே ஒரு சீட்! அங்க இருந்து எப்படி 44 வருஷம் ஓட்டினாங்கங்கிறீங்களா? அதுல இருக்கு மேட்டர்.

1990-ல தாட்சர் அரசாங்கம் இங்கிலாந்துல 'போல் டாக்ஸ்' கொண்டு வந்தது. தலைக்கு இவ்வளவுன்னு வரி. பங்களாவுல இருக்கிறவருக்கும், ஒத்தை ரூம்ல இருக்கிறவருக்கும் ஒரே ரேட். ஸ்டூடன்ட்ஸ் கூட 20 சதவீதம் கட்டணும். நாடே கொதிச்சது. 1990 மார்ச் 31-ல டிரஃபால்கர் ஸ்கொயர்ல பெரிய கலவரம். அந்த வருஷக் கடைசியில தாட்சரே பதவியை விட்டுப் போனாங்க.

ஆனா அதே வரிதான் வாண்ட்ஸ்வொர்த் கன்சர்வேட்டிவ்களுக்கு லாட்டரி! நாட்டுல சராசரி 360 பவுண்டுக்கு மேல இருந்தப்போ, இவங்க 148 பவுண்டுதான்னு அறிவிச்சாங்க. நாடு முழுக்க அந்தக் கட்சி திட்டு வாங்கிட்டு இருந்த 1990 மே மாசத்துல, இங்க ரிசல்ட் 48-க்கு 13. ஒரே சீட் மெஜாரிட்டி 35 சீட் மெஜாரிட்டி ஆச்சு. அடுத்த வருஷம் வரி ஜீரோ. ஆமா, சைஃபர்! 'மத்திய அரசு மானியத்தை இந்தப் பக்கம் தாராளமா தள்ளி விட்டுச்சு'ன்னு எதிர்க்கட்சி கத்தினது. மக்கள் காதுல விழுந்தது பில் தொகை மட்டும்தான்.

1993-ல போல் டாக்ஸ் போய் 'கவுன்சில் டாக்ஸ்' வந்தது. வீட்டு மதிப்பை வெச்சுப் போடுற வரி. (காமெடி என்னன்னா, இங்கிலாந்துல அந்த மதிப்பு 1991 ஏப்ரல் 1-ம் தேதி கணக்கு. இன்னும் அதையேதான் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்காங்க!) அதுலயும் நாட்டுலயே ரொம்பக் குறைஞ்ச வரி கட்டுற இடங்கள்ல ஒண்ணா வாண்ட்ஸ்வொர்த் நின்னது. 2022-23-ல 'பேண்ட் டி' வீட்டுக்கு இங்கிலாந்து சராசரி 1,966 பவுண்டு. இங்க அதுல பாதி கூட இல்ல.

இதோட பவர் எவ்வளவுன்னு புரிய ஒரு டேட்டா. இந்தப் பரோவுக்குள்ள மூணு நாடாளுமன்றத் தொகுதி: பேட்டர்ஸி, பட்னி, டூட்டிங். 1997 பொதுத் தேர்தல்ல மூணுலயும் லேபர் ஜெயிச்சது. அடுத்த வருஷம் கவுன்சில் தேர்தல் வந்தா... கன்சர்வேட்டிவ்! 2019 பொதுத் தேர்தல்ல லேபர் நாடு முழுக்க அடி வாங்கினப்போ கூட, அவங்க புதுசா பிடிச்ச ஒரே தொகுதி பட்னி. மறுபடி மூணும் லேபர். கவுன்சில் மட்டும் அசையல. அதே ஜனம், அதே தெரு. டெல்லிக்கு ஒரு கட்சி, கோட்டைக்கு ஒரு கட்சின்னு நாம மாத்தி மாத்திப் போடுறோமே, அதே லாஜிக்தான்.

நீச்சல் குளமும் பூஞ்சைச் சுவரும்

அப்புறம் 2022-ல என்னதான் ஆச்சு? ஒரே காரணம்னு சொன்னா அது டுபாக்கூர்.

ஒண்ணு, தேசிய அளவு கோபம். கொரோனா ஊரடங்குல ஜனங்களை வீட்டுக்குள்ள அடைச்சுட்டு, பிரதமர் அலுவலகத்துல கூத்தும் கொண்டாட்டமும் நடந்தது வெளிய வந்து, 2022 ஏப்ரல் 12-ல பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே போலீஸ் அபராதம் போட்டது. அதே ஏப்ரல்ல கரன்ட், கேஸ் கட்டண உச்சவரம்பு 54 சதவீதம் ஏறுச்சு. அக்கா வீட்டுல ஹீட்டரை யார் ஆன் பண்ணதுன்னு ஆறு பேருக்குள்ள பஞ்சாயத்தே நடந்திருக்கு. இதுபோக, 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புல வாண்ட்ஸ்வொர்த்ல 75 சதவீதம் பேர் 'ஐரோப்பிய யூனியன்லயே இருப்போம்'னு ஓட்டுப் போட்டவங்க. அவங்களுக்கும் ஆளுங்கட்சிக்கும் அப்பவே உரசல்.

ரெண்டாவது காரணம் அக்கா நேர்ல பார்த்தது: வீடு.

பேட்டர்ஸி பவர் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கா? நாலு வெள்ளைப் புகைபோக்கி. பிங்க் ஃப்ளாய்டோட 'அனிமல்ஸ்' ஆல்பம் அட்டையில பன்றி பறக்குமே, அதே இடம். அது மூடிக் கிடந்து, அப்புறம் மலேசிய கம்பெனிகள் கைக்குப் போய், சுத்தி 4,000-க்கும் மேல ஃப்ளாட் கட்டுற ப்ராஜெக்ட் ஆச்சு. குறைஞ்ச விலை வீடு 636 தர்றதா இருந்ததை 2017-ல 386 ஆக்கிக்கிட்டாங்க, கவுன்சில் சம்மதத்தோட. மொத்தத்துல கிட்டத்தட்ட 9 சதவீதம். நம்ம பாஸ் மார்க்கை விட ரொம்பக் கீழ!

பக்கத்துலயே நைன் எல்ம்ஸ். 2018-ல அமெரிக்கத் தூதரகம் அங்க வந்தது. 2021-ல ரெண்டு அபார்ட்மென்ட் பிளாக்குக்கு நடுவுல அந்தரத்துல ஒரு நீச்சல் குளம் திறந்தாங்க. 25 மீட்டர் நீளம், தரையில இருந்து 35 மீட்டர் உயரம், கண்ணாடி மாதிரி அக்ரிலிக். மெக்கானிக்கல் பையனா எனக்கு அந்த டிசைனைப் பார்த்தா வாய் தானா திறக்குது. ஆனா அதே வளாகத்துல 'பங்கு உரிமை' திட்டத்துல வீடு வாங்கினவங்களுக்கு அந்தக் குளத்துல இறங்க அனுமதி இல்லைன்னு பேப்பர்ல வந்து நாறிப் போச்சு.

சில கிலோ மீட்டர் தள்ளி டூட்டிங்ல, அக்காவோட ரூம் சுவர்ல கறுப்புப் பூஞ்சை. ஈரம். ராத்திரி எல்லாம் இருமல். வீட்டு ஓனர் கிட்ட சொன்னா, 'ஜன்னலைத் திற'ன்னு பதில். ஜன்னலைத் திறந்தா ஹீட்டர் பில் எகிறும். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ, வேற வேற குடும்பத்துக்காரங்க சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு ஓனர் கவுன்சில்கிட்ட லைசென்ஸ் வாங்கணும், வீடு சரியில்லைன்னா கவுன்சில் வந்து சோதனை போடலாம்னு சட்டம் இருக்கு. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் புகார் கொடுத்திருக்க மாட்டாங்க. 'ரூம் போயிடுச்சுன்னா எங்கடா போவேன்?'

அதைத் தெரிய வெச்சது ஒரு ஓட்டு வேட்டை! ஏப்ரல் மாசம் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டி, நோட்டீஸோட ஒரு பொம்பளை வேட்பாளர். 'உங்களுக்கு என்ன பிரச்னை?'ன்னு கேட்டிருக்காங்க. விசா ஸ்டூடன்ட்கிட்ட எதுக்குக் கேட்கிறாங்கன்னு அக்கா திகைச்சுப் போய், 'எனக்கு ஓட்டு இருக்கா?'ன்னு திருப்பிக் கேட்டிருக்காங்க. இருக்குன்னு தெரிஞ்சது அந்த நிமிஷம்தான். பட்டியல்ல பேர் சேர்க்க அப்போ கடைசித் தேதிக்கு நாலே நாள். வீட்டுக்குள்ள போய் லேப்டாப்பைத் திறந்து அஞ்சு நிமிஷத்துல பதிஞ்சிருக்காங்க.

அவங்க எந்தக் கட்சி? யாருக்குப் போட்டாங்க? கேட்டேன். 'அது ரகசிய ஓட்டுடா'ன்னு தலையில ஒரு தட்டு விழுந்தது.

விடியற்காலை ரிசல்ட்

மொத்தம் 58 சீட். மெஜாரிட்டிக்கு 30. எண்ணிக்கை ராத்திரியே ஆரம்பிச்சது. விடிஞ்சப்போ லேபர் 35, கன்சர்வேட்டிவ் 22, சுயேச்சை 1. 2018-ல 33 சீட் வெச்சிருந்த கட்சி எதிர்க்கட்சி வரிசைக்குப் போச்சு. லேபரோட சைமன் ஹாக் கவுன்சில் தலைவர் ஆனார்.

அதே ராத்திரி இன்னும் ரெண்டு அதிர்ச்சி. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், அதாவது நாடாளுமன்றமே இருக்கிற ஏரியா, 1964-ல உருவானதுல இருந்து முதல் தடவையா லேபர் கைக்குப் போச்சு, 31-க்கு 23. பார்னெட்டும் அப்படியே, 41-க்கு 22.

'அப்போ லேபர் அலை'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஈழத்தமிழர்கள் நிறைய இருக்கிற ஹேரோ பரோவுல லேபர்கிட்ட இருந்த கவுன்சிலை அதே நாள்ல கன்சர்வேட்டிவ் பிடிச்சது, 31-க்கு 24. க்ராய்டன்ல லேபர் நிர்வாகத்துல கஜானா காலியாகி 2020-ல கவுன்சில் கிட்டத்தட்ட திவால் நோட்டீஸே விட்டது. அங்க முதல் தடவையா நேரடியா மேயரைத் தேர்ந்தெடுத்தப்போ ஜெயிச்சது கன்சர்வேட்டிவ். கட்சியைப் பார்க்காம, வீட்டு வாசலைப் பார்த்து மார்க் போட்டவங்க நிறைய பேர் இருந்திருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இன்னொரு மேட்டர், இதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜெயிச்ச லேபர் என்ன வாக்குறுதி கொடுத்தது தெரியுமா? 'அதே குறைஞ்ச வரியை நாங்களும் வெச்சுக்குவோம். கூடவே வாடகைக்குக் கவுன்சில் வீடு அதிகமாத் தருவோம்.' 2023-ல பட்ஜெட் போட்டப்போ பிரதான வரியை ஏத்தல, முதியோர் பராமரிப்புக்கான 2 சதவீதம் மட்டும் ஏத்தினாங்க. ஆக, கட்சி தோத்துச்சு, அது 44 வருஷமாப் பேசின வரிக் கொள்கை தோக்கல! எதிராளியோட நல்ல பாயின்ட்டை ஒத்துக்கிட்டு, அவர் விட்ட பாயின்ட்டைப் பிடிச்சா ஜெயிக்கலாம். நம்ம கல்லூரி எலெக்‌ஷன்ல யாராவது இப்படி ட்ரை பண்ணியிருக்கோமா பாஸ்?

இன்னொருத்தரையும் சொல்லணும். டூட்டிங்ல பிறந்த ஒரு பஸ் டிரைவர் மகன், 1994-ல 23 வயசுல வாண்ட்ஸ்வொர்த் கவுன்சிலர் ஆனார். 12 வருஷம் எதிர்க்கட்சி பெஞ்ச்லயே உட்கார்ந்தார். 2005-ல எம்.பி., 2016-ல லண்டன் மேயர். சாதிக் கான். கடைசி பெஞ்ச்ல இருக்கிறவங்க நோட் பண்ணிக்குங்க!

திரும்ப நம்ம தெருவுக்கு

கதையைச் சொல்லி முடிச்சப்போ அக்கா முகத்துல ஒரு பெருமை. பெரியப்பா அதுவரைக்கும் பேப்பர் படிச்சிட்டு இருந்தவர், கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்.

'ஏம்மா, நம்ம வார்டு மெம்பர் பேர் தெரியுமா உனக்கு?'

அமைதி. அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன்.

தமிழ்நாட்டுல நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல நடந்தது. 2011-க்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்து வந்த தேர்தல். அக்கா பேர் நம்ம ஊர்ப் பட்டியல்ல இருந்துச்சு. ஆனா ஓட்டுப் போட நேர்ல வந்தே ஆகணும், லண்டன்ல இருந்து எப்படி வர்றது? சரி, ஊர்ல இருந்தவங்க? சென்னையில பாதிப் பேர் கூட ஓட்டுச்சாவடிப் பக்கம் போகல. எங்க வீட்டுல நாலு ஓட்டு. போட்டது பெரியப்பா மட்டும்தான். எனக்கு அப்போ வயசு ஆகல. 'வயசு ஆகியிருந்தா போயிருப்பியா?'ன்னு நீங்க கேட்டா, சத்தியமா தெரியாது.

'ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற ஊர்ல யார் வரணும்னு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஓடியிருக்கே. சந்தோஷம். இங்க மழை வந்தா நம்ம தெருவுல முழங்கால் தண்ணி. அதைக் கேட்க வேண்டிய ஆள் யாருன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியல.' கோபமா சொல்லல. கண்ணாடியை மாட்டிட்டு மறுபடி பேப்பருக்குள்ள போயிட்டார். அதான் ரொம்பச் சுட்டது.

அக்கா மெதுவா ஒண்ணு சொன்னாங்க: 'அங்க ஒருத்தங்க கதவைத் தட்டி என்ன பிரச்னைன்னு கேட்டாங்க பெரிசு. இங்க என்னை யாருமே கேட்கலப்பா.'

பேப்பருக்குப் பின்னாடி இருந்து பதில் வந்தது: 'நீ எப்பவாவது போய்த் தட்டினியா?'

மறுநாள் காலையில நானும் அக்காவும் போனோம். வார்டு ஆபீஸ் எங்கன்னு கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு. அது நாங்க தினம் டீ குடிக்கிற கடைக்கு எதிர்ச் சந்துல இருந்தது! கவுன்சிலர் இல்ல. உதவியாளர் ஒருத்தர் நோட்டுல பேர், ஃபோன் நம்பர், 'மழைநீர் வடிகால்'னு எழுதி வெச்சுக்கிட்டார். தண்ணி வடிஞ்சுதான்னு கேட்கிறீங்களா? அடுத்த மழைக்குத்தான் தெரியும். ஆனா கவுன்சிலர் பேர் இப்போ எனக்குத் தெரியும். நோட்டுல நம்பரும் இருக்கு. அடுத்த முறை ஃபோன் பண்ணி, 'சார், போன மாசம் வந்தேனே'ன்னு ஆரம்பிக்கலாம்ல?

உங்களுக்கு ஒரு சின்ன அசைன்மென்ட். ஹாஸ்டல்ல இருந்தாலும் சரி, வீட்டுல இருந்தாலும் சரி, இந்த வாரக் கடைசிக்குள்ள மூணு விஷயம் கண்டுபிடிங்க: உங்க வார்டு நம்பர், கவுன்சிலர் பேர், பட்டியல்ல உங்க பேர் இருக்கா இல்லையா. மூணுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகும். நம்ம ஊர்ல 18 வயசுல ஓட்டுப் போடலாம், 21 வயசுல கவுன்சிலராவே நிக்கலாம். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு... பயப்படாதீங்க, நிக்க மாட்டேன். ரெண்டு அரியர் இருக்கு, அதை முதல்ல ஜெயிக்கணும்!

வர்ட்டா? அடுத்த வாரம் பெஞ்ச்ல பார்க்கலாம்!